கருமுட்டை வெளிவரும் நாளைக் கணிப்பது எப்படி? பின்னோக்கி எண்ணும் முழுக் கணக்கு

"பீரியட்ஸ் வந்து 14-ஆம் நாள் முட்டை வெளிவரும்." குழந்தைக்கு முயற்சி செய்யும் எந்தப் பெண்ணின் காதிலும் முதலில் விழுவது இந்த வரிதான். என் காதிலும் அதுதான் விழுந்தது. எனக்கு மாதவிடாய் 34, 35 நாளுக்கு ஒருமுறை வரும். அது தெரிந்தும் காலண்டரில் 14-ஆம் நாளை வட்டமிட்டு, முன்னும் பின்னும் ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டு, எட்டு மாதம் ஓட்டினேன். எனக்கு முட்டை வெளிவந்துகொண்டிருந்ததோ 20, 21-ஆம் நாள் வாக்கில். இந்த மாத முயற்சி முடிந்துவிட்டது என்று நாங்கள் ஓய்ந்த பிறகுதான் என் உடம்பு தயாராகவே ஆரம்பித்தது. அந்த 14 எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்த எட்டு மாதமும் மிச்சம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த 14 எங்கிருந்து வந்தது?

மாதவிடாய்ச் சுழற்சிக்கு இரண்டு பாதிகள். முதல் பாதியில் சினைப்பையில் சில நுண்பைகள் வளர ஆரம்பித்து, அவற்றில் பெரும்பாலும் ஒன்று மட்டும் முழுதாக முதிர்கிறது. அது வெடித்து முட்டை வெளியேறுகிறது. இந்தப் பாதி எத்தனை நாள் எடுக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஒரே பெண்ணுக்கே மாதத்துக்கு மாதமும் மாறும். காய்ச்சல், தூக்கமின்மை, நீண்ட பயணம், மனஉளைச்சல், உடல் எடையில் திடீர் மாற்றம் எல்லாம் கை வைப்பது இந்தப் பாதியில்தான்.

இரண்டாம் பாதி அப்படி இழுபடுவதில்லை. முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் நிறத் திசு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து கருப்பையின் உட்சுவரைத் தாங்கிப் பிடிக்கிறது. கரு தங்கவில்லை என்றால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்தத் திசு சுருங்கிவிடும், ஹார்மோன் இறங்கும், உட்சுவர் உதிர்ந்து ரத்தப்போக்கு வரும். 14 என்பது இந்த இரண்டு வாரம்தான். அதை அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு எந்தப் பக்கம் எண்ணினாலும் நடுவில் போய் நிற்பதால், முன்னோக்கி எண்ணும் பழக்கம் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

1920-களில் ஜப்பானைச் சேர்ந்த மருத்துவர் ஓகினோவும் ஆஸ்திரியாவைச் சேர்ந்த மருத்துவர் க்னாஸும் தனித்தனியாக ஆராய்ந்து இதையேதான் சொன்னார்கள். முட்டை வெளிவரும் நாளை முந்தைய மாதவிடாயை வைத்துச் சொல்ல முடியாது, அடுத்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். நூறு வருடத்துக்குப் பிறகும் நாம் 14-ஐ முன்னோக்கி எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லவேண்டும்: இந்த இரண்டாம் பாதியும் எல்லோருக்கும் சரியாக 14 நாள் இல்லை. 11 முதல் 16 நாள் வரை இருப்பது இயல்பு. உங்களுக்கு எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்கும் வழி கீழே வருகிறது.

ஒரு நாள் இல்லை, ஆறு நாள்

வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு அப்படி இல்லை. கருப்பை வாயில் சுரக்கும் திரவம் நல்ல நிலையில் இருக்கும் நாட்களில் அது உள்ளே ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் சேர்ந்த ஆறு நாட்கள்தான் கருத்தரிக்கும் நாட்கள்.

அமெரிக்காவில் 221 பெண்களைப் பின்தொடர்ந்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில், நாள் கணக்கிட முடிந்த கர்ப்பங்கள் எல்லாமே இந்த ஆறு நாட்களுக்குள் நடந்த உறவில் உண்டானவைதான். ஐந்து நாள் முன்பு நடந்த உறவுக்கு சுமார் 10 சதவீத வாய்ப்பு, முட்டை வெளிவந்த நாளில் சுமார் 33 சதவீதம். மறுநாளே வாய்ப்பு மூடிக்கொள்கிறது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி முக்கியமானது. முட்டை வந்துவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டு முயற்சி செய்ய உட்கார்ந்தால் நேரம் கடந்துவிடும். விந்தணு முன்னாலேயே போய்க் காத்திருக்க வேண்டும். நாம் கணிக்க வேண்டியதும் முட்டையின் நாளைவிட, அந்த ஆறு நாள் எப்போது ஆரம்பிக்கிறது என்பதைத்தான்.

முதல் படி: முதல் நாளைச் சரியாகக் குறிப்பது

நல்ல சிவப்பு ரத்தப்போக்கு தொடங்கி, நாப்கின் தேவைப்படும் அளவுக்கு வரும் நாள்தான் சுழற்சியின் 1-ஆம் நாள். அதற்கு முன் ஒன்றிரண்டு நாள் பழுப்பாகவோ சொட்டுச் சொட்டாகவோ பட்டால் அதை முந்தைய சுழற்சியின் கணக்கிலேயே விட்டுவிடுங்கள். ரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுபவர்கள் நிறையப் பேர். அப்படி எண்ணினால் ஆரம்பத்திலேயே நான்கைந்து நாள் பிசகிவிடும்.

இரண்டாம் படி: சுழற்சியின் நீளம்

ஒரு மாதவிடாயின் முதல் நாள் தொடங்கி அடுத்ததற்கு முந்தைய நாள் வரை எண்ணுங்கள். ஜனவரி 5-இல் வந்து, அடுத்தது பிப்ரவரி 2-இல் வந்தால் சுழற்சி 28 நாள். குறைந்தது ஆறு மாதத்துக்கு இப்படி எழுதிவையுங்கள். முடிந்தால் 12 மாதம். "எனக்கு மாசாமாசம் கரெக்டா வந்துடும்" என்று சொல்பவர்களின் நோட்டைப் பார்த்தால்கூட நாலைந்து நாள் வித்தியாசம் இருக்கும். பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரையிலான சுழற்சி இயல்பானது, மாதத்துக்கு மாதம் சில நாள் ஏறி இறங்குவதும் இயல்பானது.

மூன்றாம் படி: கணக்குப் போடுவது

ஆறு மாதக் கணக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 27, 31, 28, 30, 29, 33.

இதில் குறைந்த எண்ணிலிருந்து 18-ஐக் கழியுங்கள். 27 − 18 = 9. கருத்தரிக்க வாய்ப்புள்ள முதல் நாள் இது. அதிக எண்ணிலிருந்து 11-ஐக் கழியுங்கள். 33 − 11 = 22. கடைசி நாள் இது. மாதவிடாய் மார்ச் 3-இல் வந்திருந்தால், 9-ஆம் நாள் மார்ச் 11, 22-ஆம் நாள் மார்ச் 24.

ஆறு நாளைத் தேடிப் போனால் கையில் இரண்டு வாரம் கிடைக்கிறதே என்று தோன்றும். உங்கள் சுழற்சி 27-க்கும் 33-க்கும் இடையில் ஆடுகிறது, இந்த மாதம் அது எங்கே நிற்கும் என்று காலண்டருக்குத் தெரியாது. அதனால் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. 27 நாளில் முடிந்தால் முட்டை 13-ஆம் நாள் வாக்கில் (27 − 14), 33 என்றால் 19-ஆம் நாள் வாக்கில் (33 − 14). மொபைல் ஆப் காட்டும் தேதியும் பெரும்பாலும் நீங்கள் கொடுத்த பழைய தேதிகளின் சராசரிதான். அது ஒரே நாளை அழகாக வட்டமிட்டுக் காட்டுவதால் துல்லியமானது என்று நம்பிவிடுகிறோம். ஆப் வைத்திருப்பதில் தப்பில்லை, நோட்டுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அகலமான ஜன்னலைச் சுருக்க உடம்பைத்தான் கேட்க வேண்டும்.

நான்காம் படி: வெள்ளைப்படுதலைக் கவனிப்பது

எல்லா வழிகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செலவு கிடையாது, கருவி கிடையாது, முட்டை வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறது. வெள்ளைப்படுவது என்றாலே நோய் என்று பயப்படப் பழக்கப்பட்டுவிட்டதால் நாம் இந்தத் தகவலைத் துடைத்துத் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

ரத்தப்போக்கு நின்றதும் பலருக்குச் சில நாள் வறட்சியாக இருக்கும். அப்புறம் கொஞ்சம் ஒட்டும் தன்மையோடு ஏதோ வரும். விரல்களுக்கு நடுவில் வைத்தால் பசைபோல் இருந்து பட்டென்று அறுந்துவிடும். அடுத்து பால் கலந்ததுபோல் வெள்ளையாக, வழவழப்பாக, லோஷன்போல் மாறும். நுண்பை வளரும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், இங்கேயே நீங்கள் விழித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் அடுத்த கட்டத்தைத் தவறவிடவே முடியாது: பச்சை முட்டையின் வெள்ளைக்கரு எப்படி இருக்குமோ அப்படியே. கண்ணாடிபோல் தெளிவாக, வழுக்கிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிரித்தால் அறுந்துபோகாமல் நூலாக நீளும். சிலருக்கு நூல் வராது, ஆனால் துடைக்கும்போது ஈரமாக வழுக்குவது நன்றாகத் தெரியும். அந்த வழுக்கல் உணர்வும் அதே அளவு நம்பகமானது.

வழுக்கும் திரவத்தின் கடைசி நாளை உச்ச நாள் என்பார்கள். முட்டை பெரும்பாலும் அந்த நாளிலோ அதை ஒட்டிய ஒரு நாளிலோ வெளிவரும். கடைசி நாள் என்பது அன்றே தெரியாது, மறுநாள் திரவம் திடீரென்று கெட்டியாகவோ வறண்டோ போனதும்தான் தெரியும். அதனால் வழுக்கல் தெரிந்த முதல் நாளிலிருந்தே முயற்சி செய்யுங்கள், உச்சத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

கழிவறைக்குப் போகும்போது துடைத்துப் பார்த்தாலே போதும். உறவு கொண்ட மறுநாள் காலை விந்து கலந்திருக்கலாம், அன்று பார்ப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம், தயிர்போல் திரிதிரியாகப் படுதல், பச்சை அல்லது சாம்பல் நிறம் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை

முட்டை வெளிவருவதற்கு முன் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.ஹெச். என்ற ஹார்மோன் ரத்தத்தில் திடீரென்று பொங்கும். ஒருநாள், ஒன்றரை நாள் கழித்து முட்டை வெளியேறும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட் பிடித்துக் கொடுப்பது இந்தப் பொங்கலைத்தான்.

உங்கள் மிகக் குறைந்த சுழற்சியிலிருந்து 17-ஐக் கழித்து வரும் நாளில் பட்டையைத் தொடங்குங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 10-ஆம் நாள். கர்ப்பப் பரிசோதனைபோல் காலை முதல் சிறுநீர்தான் வேண்டும் என்று இல்லை. பொங்கல் பலருக்கு அதிகாலையில் தொடங்கி, சிறுநீரில் தெரியச் சில மணி நேரம் ஆகும். எனவே மதியத்துக்குப் பிறகு பார்ப்பது நல்லது. கிட்டின் தாளில் வேறு நேரம் போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். தினமும் ஒரே நேரம், அதற்கு முன் இரண்டு மணி நேரம் அதிகம் தண்ணீர் குடிக்காமல்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கர்ப்பப் பட்டையில் மங்கலான இரண்டாவது கோடு தெரிந்தாலும் பாசிட்டிவ். இதில் அப்படி இல்லை. எல்.ஹெச். எப்போதுமே கொஞ்சம் இருப்பதால் மங்கல் கோடு தினமும்கூட வரலாம். சோதனைக் கோடு, பக்கத்திலுள்ள ஒப்பீட்டுக் கோட்டின் அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ அழுத்தமாக வந்தால்தான் பாசிட்டிவ்.

பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு எல்.ஹெச். மாதம் முழுக்கவே உயர்ந்திருக்கக்கூடும். பட்டை பலமுறை பாசிட்டிவ் காட்டி, முட்டை வராமலே போகலாம். அவர்கள் இதை மட்டும் நம்பக் கூடாது.

ஆறாம் படி: காலை உடல் வெப்பநிலை

இது முட்டை வந்த பிறகு உறுதிசெய்யும் வழி. புரோஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்கியதும் உடம்பின் ஓய்வு வெப்பநிலை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயரும். இவ்வளவு சின்ன மாற்றத்தைப் பிடிக்க இரண்டு தசம இலக்கம் காட்டும் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், பேசாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், தினமும் ஒரே நேரத்தில் எடுத்து எழுதுங்கள். குறைந்தது மூன்று மணி நேரத் தூக்கம் முன்னால் இருந்திருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் வெப்பநிலை, அதற்கு முந்தைய ஆறு நாளையும்விட உயர்ந்திருந்தால் முட்டை வெளிவந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இரவுப் பணி செய்பவர்களுக்கும் கைக்குழந்தையால் தூக்கம் கெடுபவர்களுக்கும் இது சரிப்படாது. சரிப்படாவிட்டால் விட்டுவிடுங்கள், திரவமும் பட்டையும் போதும்.

ஒரு மாதத்தை முழுதாகப் பார்ப்போம்

அதே மார்ச் 3 உதாரணம். நோட்டில் தேதி, சுழற்சி நாள், திரவம், பட்டை, வெப்பநிலை, உறவு என்று ஆறு கட்டம்.

மார்ச் 11 வரை வறட்சி. 12-இல் பட்டை ஆரம்பம், மங்கல் கோடு. 14-இல் திரவம் பால்போல். 16-இல் வழுக்கல். 17 மாலை பட்டையில் சோதனைக் கோடு ஒப்பீட்டுக் கோட்டைவிட அழுத்தமாக. 18-இலும் நூல் நீள்கிறது, இடது அடிவயிற்றில் லேசான சுருக் வலி. (ஒரு பக்கம் மட்டும் வரும் இந்த வலி சிலருக்குத்தான் வரும். வராவிட்டால் கவலை வேண்டாம்.) 19-இல் திரவம் கெட்டியாகிவிட்டது. வெப்பநிலை 19 வரை 36.30-க்கும் 36.40-க்கும் நடுவில் இருந்தது, 20-இல் 36.62, 21-இல் 36.68, 22-இல் 36.70.

எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன: முட்டை 19-ஆம் தேதி வாக்கில், அதாவது 17-ஆம் நாள். கருத்தரிக்கும் ஆறு நாள் மார்ச் 14 முதல் 19 வரை. காலண்டர் தந்த இரண்டு வாரம் ஆறு நாளாகச் சுருங்கியதைக் கவனியுங்கள். அடுத்த மாதவிடாய் ஏப்ரல் 3-இல் வந்தால் சுழற்சி 31 நாள். 31 − 17 = 14. உங்கள் இரண்டாம் பாதியின் நீளம் அதுதான். மூன்று, நான்கு மாதம் இதைப் பார்த்தால் உங்கள் சொந்த எண் தெரிந்துவிடும். அப்புறம் பொதுவான 14-ஐ விட்டுவிட்டு அதையே பயன்படுத்துங்கள்.

அந்த நாட்களில் எத்தனை முறை? தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டுமே சரி. விந்தணுவைச் சேர்த்துவைக்கிறோம் என்று பல நாள் விலகியிருப்பது உதவாது. உராய்வைக் குறைக்கும் ஜெல்களில் சில விந்தணுவின் ஓட்டத்தைத் தடுக்கும் என்பதால் பார்த்து வாங்குங்கள். பட்டையில் கோடு தெரிந்ததும் இன்றைக்கே என்று அவசரப்படுத்தினால் இருவருக்கும் பாரமாகிவிடும். திரவம் மாறியதிலிருந்தே ஒருநாள் விட்டு ஒருநாள் என்று போனால் எந்த ஒரு நாளும் பரீட்சை நாளாகாது. முயற்சி தொடங்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளத் தொடங்குங்கள். யாருக்கு அதைவிட அதிகம் தேவை என்பதை மருத்துவர் சொல்வார்.

கணக்கு பலிக்காத நேரங்கள்

வயதுக்கு வந்த முதல் சில வருடங்கள், தாய்ப்பால் கொடுக்கும் மாதங்கள், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்கள், தைராய்டு அல்லது பி.சி.ஓ.எஸ். இருக்கும்போது, கருத்தடை மாத்திரையை நிறுத்திய முதல் சில மாதங்கள்: இவற்றில் பழைய தேதிகளை வைத்துப் புது நாளைச் சொல்ல முடியாது. கருத்தடை மாத்திரை எடுக்கும் மாதங்களில் வரும் ரத்தப்போக்கை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது, அது ஹார்மோன் நின்றதால் வருவது. அவசரக் கருத்தடை மாத்திரை போட்ட மாதமும் தேதி முன்னே பின்னே போகலாம். ரத்தப்போக்கு வருவதாலேயே முட்டை வந்தது என்றும் ஆகிவிடாது, முட்டை வராமலே உட்சுவர் உதிர்வதும் உண்டு.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டு 'பாதுகாப்பான நாள்' பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுழற்சி 26 முதல் 32 நாளுக்குள் சீராக இருப்பவர்கள் 8 முதல் 19-ஆம் நாள் வரை விலகியிருக்கும் முறை ஒன்று உண்டு. அதைப் பிசகாமல் கடைப்பிடித்தாலே வருடத்துக்கு நூறில் ஐந்து பேர் கர்ப்பமாகிறார்கள், நடைமுறையில் 12 பேர். கர்ப்பம் இப்போது கூடவே கூடாது என்று இருப்பவர்கள் காலண்டரை மட்டும் நம்ப வேண்டாம்.

மருத்துவரிடம் எப்போது போவது?

வயது 35-க்குக் கீழ் என்றால் ஒரு வருட முயற்சிக்குப் பிறகு, 35 ஆகிவிட்டால் ஆறு மாதத்துக்குப் பிறகு, 40-ஐத் தாண்டியிருந்தால் தாமதிக்காமல். சுழற்சி 21 நாளுக்குக் குறைவு, 35-க்கு மேல், மூன்று மாதமாக வரவே இல்லை, தாங்க முடியாத வலி, நடுநடுவே ரத்தம் படுதல், முன்பு இடுப்புப் பகுதியில் தொற்று அல்லது அறுவை சிகிச்சை, இவற்றில் எது இருந்தாலும் வருடம் காத்திருக்கத் தேவையில்லை. கணவரும் கூடப் போக வேண்டும். விந்துப் பரிசோதனை எளிமையானது, காரணம் ஆண் பக்கம் இருப்பதும் மிகச் சாதாரணம்.

போகும்போது அந்த நோட்டை எடுத்துப்போங்கள். ஃபாலிகுலர் ஸ்டடி என்று தொடர் ஸ்கேன் செய்தால், நுண்பை எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். வெடிக்கும் முன் அது பொதுவாக 18 முதல் 24 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் நோட்டைப் பார்த்தால் ஸ்கேனை எந்த நாளில் தொடங்குவது என்று முடிவுசெய்வது அவர்களுக்குச் சுலபம். முட்டை வந்ததா என்று பார்க்கப் புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள், வழக்கமாக 21-ஆம் நாள். அந்த 21 என்பதும் 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கான எண்தான், அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு என்பதே அதன் பொருள். உங்கள் சுழற்சி 35 நாள் என்றால் 21-ஆம் நாளில் முட்டை அப்போதுதான் வெளிவந்துகொண்டிருக்கும், ஹார்மோன் குறைவாகத்தான் காட்டும், 'முட்டை வரவில்லை' என்று தவறாக முடிவாகிவிடும். தேதி குறிக்கும்போதே உங்கள் சுழற்சி நீளத்தைச் சொல்லி, 28-ஆம் நாள் ரத்தம் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.